தொடுதிரையில் தமிழைத் தேடியது

தை மாதம் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் வயல்தான். அறுப்பு மிஷின் இறங்கிவிட்டால் காலையிலிருந்து பேச்சே காதில் விழாது. நெல்லுச் சுணை பறந்து வந்து கழுத்தெல்லாம் அரிக்கும். எனக்கு இருமல் வேறு. மத்தியானம் கொஞ்சம் கண்ணசரலாம் என்று பாயை விரிக்கப் போனபோது மருமகள் வந்து நின்றாள். நின்ற தினுசிலேயே ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது.

"மாமி, எனக்கு ஒரு உதவி பண்ணணும். மாட்டேன்னு சொல்லிடாதீங்க."

"என்ன புள்ள?"

"நீங்க ஒரு பரீட்சைக்கு உட்காரணும்."

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பரீட்சை என்றதும் விரிக்கப் போன பாயைச் சுருட்டிக்கொண்டு நகரப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"உங்களுக்கு இல்ல மாமி, மெஷினுக்குத்தான் பரீட்சை. நீங்க சும்மா எதிர்ல உட்கார்ந்தா போதும்."

மருமகளின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகன் கல்ஃபில் இருக்கிறான். இவள் என்னோடு இந்த ஊரில் இருந்துகொண்டு, சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டரில் ஓடுகிற மென்பொருளைச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. முதலில் எனக்குப் புரியவில்லை. "சமைச்சதுல உப்பு பார்க்கிற மாதிரி மாமி. சமைக்கிறது வேற ஆளு" என்றாள். "அப்ப உப்புக் கூடிப்போனா யாரைத் திட்டுவாங்க?" என்று கேட்டேன். "என்னைத்தான்" என்றாள்.

கும்பகோணத்துக் காலேஜுக்கு தினமும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவள். கல்யாணமான பிறகு தானாகத் தேடிப் பிடித்த வேலை இது. லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் முகமே வேறு. அதோடு சண்டை போடுவாள், அதைப் பார்த்துச் சிரிப்பாள், "மாட்டினியா?" என்பாள். அடுப்படியில் நிற்கும்போது அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த வேலை ஒப்பந்த வேலை. அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு சிலரை மட்டும் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். இவளுக்கு மேலே இருப்பவர் சென்னையில் இருக்கும் ஒரு ஆள். இவள் கண்டுபிடித்துச் சொல்கிற குறையெல்லாம் சின்னக் குறை, யாருக்கும் வராத குறை என்று அவர் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். போதாததற்கு என் மகன் போனில், "இந்தத் தடவை எடுக்கலேன்னா அதோட விட்டுடு. ஒண்ணு இங்க வந்துடு, இல்ல சும்மா வீட்ல இரு" என்று சொல்லிவிட்டான். அவள் "சரி" என்று சொல்லி போனை வைத்தாள். வைத்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

அவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரிகளில் வாசலில் வைக்கிற தொடுதிரைக்கான மென்பொருள். நோயாளி வந்து திரையைத் தொட்டுத் தன் பெயரைப் பதிந்து டோக்கன் எடுக்க வேண்டும். கல்ஃபிலும் வைப்பார்கள், வேறு நாடுகளிலும் வைப்பார்கள். அதனால் பல மொழியில் இருக்கும். முதலில் எந்த மொழி வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த மொழி எழுத்திலேயே இருக்கும். தமிழ் என்பது தமிழ் எழுத்தில் இருக்கும். அது சரிதான். ஆனால் ஒரு மொழியைத் தொட்டு உள்ளே போய்விட்டால், மறுபடி அந்தப் பட்டியலைத் திறக்கும்போது எல்லா மொழியின் பெயரும் நாம் போன மொழியிலேயே எழுதியிருக்கும். கை தவறி அரபியைத் தொட்டுவிட்டால் தமிழ் என்கிற பெயரையும் அரபி எழுத்தில்தான் தேட வேண்டும். இதுதான் அவள் பிடித்த குறை.

"தப்பான மொழியை யார் போய்த் தொடப்போறாங்கன்னு கேட்கிறாரு மாமி. படிச்சவங்களே உட்கார்ந்து பார்த்தா அப்படித்தான் தோணும். ஒரு பெரியவங்களை உட்கார வெச்சு வீடியோவில காட்டு, அப்புறம் பேசலாம்னுட்டாரு."

"வீடியோவா? போ புள்ள. என்னால ஆகாது."

எனக்கு இந்தக் கூச்சம் சின்ன வயதிலிருந்தே உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன். ஆதார் அட்டைப் படத்தில் கண்ணை மூடியிருக்கிறேன் என்று திரும்ப எடுத்தார்கள், அதிலும் பாதி மூடித்தான் இருக்கிறது.

"முகம் விழாது மாமி. உங்க கை மட்டும்தான் தெரியும். குரல் கேட்கும், அவ்வளவுதான்."

உடம்பு கெஞ்சியது. ஆனாலும் அந்தப் பாத்திரம் கழுவினதை நினைத்துக்கொண்டு, சரி என்றேன்.

கூடத்து மேஜையில் ஆபீஸ் அனுப்பியிருந்த டேப்பை வைத்தாள். பெரிய போன் மாதிரி இருந்தது. பெருங்காய டப்பாக்களை அடுக்கி அதன்மேல் தன் போனைச் சாய்த்து, என் கை மட்டும் விழுகிற மாதிரி நிறுத்தினாள். மிஷின் சத்தத்துக்காக ஜன்னலைச் சாத்தினாள். புழுக்கம் தாங்கவில்லை. லேப்டாப்புக்குள்ளிருந்து அந்தச் சென்னை ஆளின் குரல் வந்தது.

"வணக்கம்மா. பயப்படாதீங்க. தப்பாத் தொட்டாலும் ஒண்ணும் ஆகாது."

முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். முகம் தெரியாது என்று சொல்லியிருந்தாலும் கை தானாகப் போய்விட்டது.

"மாமி, உங்களுக்குப் படிக்க வர்றது எதுவோ அதைத் தொடுங்க" என்று சொல்லிவிட்டு மருமகள் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லக் கூடாதாம்.

திரையில் வரிசையாக என்னென்னவோ எழுத்துகள். மேலே முதல் வரி அரபி. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் எனக்குத் தெரியாதவை. பட்டியல் இன்னும் கீழே போகிறது, விரலால் தள்ளினால் தமிழ் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பரீட்சையாம். கண்ணுக்கு முன்னால் இருந்ததில் எனக்குப் படிக்க வந்தது அந்த முதல் வரி ஒன்றுதான். ஓதப் பள்ளியில் பாயில் உட்கார்ந்து கற்ற எழுத்து. அர்த்தம் தெரியாது, ஓத வரும்.

விரலை நீட்டினேன். பிறகு இழுத்துக்கொண்டேன். அது குர்ஆன் இல்லை, ஆஸ்பத்திரி டோக்கன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த எழுத்தின்மேல் சும்மா கை வைத்து எனக்குப் பழக்கமில்லை. காலையிலிருந்து மீன் அலசிய கை. எழுந்து கொல்லைப் பக்கம் போய், தொழுகைக்கு முன்னால் செய்கிற மாதிரி முறைப்படி கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு வந்தேன். வரும்போது கூடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"அம்மா எங்க போயிட்டாங்க? கையைக் காணோம்?"

"ஒளு எடுக்கப் போயிருக்காங்க சார்."

"எதுக்கு?"

"ஸ்க்ரீனைத் தொடுறதுக்கு."

நான் வந்து உட்கார்ந்து, ஈரக் கையைத் துடைத்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லி அந்த வரியைத் தொட்டேன்.

திரை முழுக்க வலமிருந்து இடமாக அரபி விழுந்தது. மருமகள் பின்னாலிருந்து என் தோளை அழுத்தினாள். அந்த அழுத்தலில் அவளுடைய சந்தோஷம் எனக்குத் தெரிந்தது. தப்பான மொழியை யார் தொடுவார்கள் என்று கேட்டாரே, இதோ தொட்டாகிவிட்டது.

"சரிம்மா" என்றது குரல். "இப்ப தமிழுக்குத் திரும்பி வாங்க பார்க்கலாம். அந்த உலக உருண்டைப் படம் இருக்கு பாருங்க, அதைத் தொட்டா பட்டியல் வரும்."

தொட்டேன். பட்டியல் வந்தது. எல்லாம் அரபி எழுத்து. எழுத்துக்கு மேலேயும் கீழேயும் போடுகிற ஜபர், ஜேர் குறியெல்லாம் இல்லாத மொட்டை எழுத்து. எங்கள் பழக்கத்துக்கு அப்படி ஓதுவது கஷ்டம். ஆனால் தேடச் சொல்லியிருக்கிறார்களே. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக எழுத்தைக் கூட்டினேன். பல வரிகள் ஒன்றும் பிடிபடவில்லை. விரல் பட்டுப் பட்டியல் தானாக நகர்ந்தது. அப்போதுதான் கீழேயும் இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு வரியில் "தா... மீ... லி..." என்று வாய்க்குள் வந்தது. இதுவாகத்தான் இருக்கும் என்று தொட்டேன்.

தமிழ் வந்துவிட்டது! 'வாருங்கள், உங்கள் பெயரைப் பதியுங்கள்' என்று இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் இருமல்கூட நின்றுவிட்டது. இத்தனை வயதுக்கு ஒரு பரீட்சையில் தேறினவள் மாதிரி மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் விழுந்து கிடந்தது.

லேப்டாப்புக்குள் அந்த ஆள் சிரித்தார். "பார்த்தீங்களா? அம்மாவே தானா வந்துட்டாங்க. அப்புறம் என்ன பிரச்சினை? இதை முடிச்சுடுவோம்."

அவள் "சார், அவங்க ஓதத் தெரிஞ்சவங்க, அதனாலதான்..." என்று ஆரம்பித்தாள். அவர் வேறு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அன்று அடுப்படியில் அவள் மீனைப் பொரித்துக்கொண்டு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"ஏன் மாமி ஓதுனீங்க?"

"நீங்கதானே புள்ள தேடச் சொன்னீங்க."

"தேடத்தானே சொன்னோம். கண்டுபிடிக்கச் சொன்னோமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனாள். மீதி மீனை நான்தான் திருப்பிப் போட்டேன்.

அதற்கப்புறம் அவள் விடவில்லை. அந்த ஆளுக்கு எழுதினாள், பேசினாள். கல்ஃப் ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாருக்கும் ஓதத் தெரியுமா, வேறு நாட்டில் வைத்தால் அங்கே என்ன எழுத்து இருக்கும் என்றெல்லாம் வாதாடினாள். கடைசியில் அவர், "சரி, இன்னொரு தடவை. அம்மாவுக்குச் சுத்தமாத் தெரியாத மொழி. அதிலிருந்து வரட்டும்" என்று ஒத்துக்கொண்டார்.

"மாமி, ஒரே ஒரு தடவை."

அப்போது வைக்கோல் கட்டுகிற மிஷின் வந்திருந்தது. சுணை தாங்காமல் எனக்கு இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. நெஞ்சில் சளி. உட்காரவே தெம்பில்லை. மாதக் கடைசி நெருங்கிவிட்டது என்பதும் தெரியும்.

"சரி. இந்தத் தடவை தெரியாத மாதிரியே இருந்துடுறேன். போதுமா?"

அவள் பதறிவிட்டாள். "ஐயோ, நடிக்கக் கூடாது மாமி! அது ஏமாத்து. தெரிஞ்சா தெரிஞ்சதைத் தொடுங்க. வந்தா வந்துடுங்க. என் தலையெழுத்து எப்படியோ அப்படி ஆகட்டும்."

அந்தப் பதற்றத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவள்மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை வந்தது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நான் வழி சொன்னேன், அவள் வேண்டாமென்றாள்.

மறுபடி பெருங்காய டப்பா, மறுபடி ஜன்னல் சாத்தல், மறுபடி அந்தக் குரல். இந்தத் தடவை அவர்களே ஒரு மொழியில் போட்டுவைத்திருந்தார்கள். வட்டமும் கோடும் கட்டமுமாக இருந்தது. கொரியா நாட்டு எழுத்து என்று பிற்பாடு மருமகள் சொன்னாள்.

உருண்டைப் படத்தைத் தொட்டேன். பட்டியல் வந்தது. மேலிருந்து கீழ்வரை வட்டமும் கோடும். கீழே தள்ளினேன். அங்கேயும் அதுதான். என் மொழி அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று தெரியும். ஆனால் எது என்று தெரியாது. முன்பின் தெரியாத ஜனங்கள் நிறைந்த கல்யாணத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிந்தது.

"ஏதாவது ஒண்ணைத் தொட்டுப் பாருங்கம்மா."

தொட்டேன். வேறு ஏதோ எழுத்து வந்தது. இப்போது பட்டியலைத் திறந்தால் அந்த எழுத்தில் வந்தது. இன்னொன்றைத் தொட்டேன். அது இன்னொரு எழுத்து. வந்த வழியும் போய்விட்டது. மருமகள் எனக்குப் பின்னால் மூச்சுவிடுவது கேட்டது.

எனக்கு ஒரு முறை தஞ்சாவூரில் கண் பார்க்கப் போனது நினைவுக்கு வந்தது. அன்று வீட்டில் யாருக்கும் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று தனியாகப் போயிருந்தேன். போய் ஒரு வரிசையில் உட்கார்ந்தேன். வெயில் ஏறின பிறகு அது கண்ணுக்கான வரிசை இல்லை, காதுக்கான வரிசை என்று தெரிந்தது. யாரையாவது கேட்டிருந்தால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். எனக்கு வாய் வரவில்லை. எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். "கேட்கிறதுக்கு என்ன மாமி வெட்கம்?" என்று மருமகள் அன்றைக்கு என்னைத் திட்டித் தீர்த்தாள்.

"இன்னொண்ணு தொடுங்கம்மா" என்றது குரல்.

கழுத்து அரித்தது. கண் எரிந்தது. வெளியே அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவு நேரம் ஒரு அந்நிய ஆளுக்கு முன்னால் நான் உட்கார்ந்ததே இல்லை. உடம்பு போதும் என்று சொல்லிவிட்டது.

"இல்ல தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியல. நான் போறேன்."

யாரிடமும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. சொல்லிவிட்டு எழுந்தேன்.

"மாமி..." என்றாள் அவள் மெதுவாக. நான் நிற்கவில்லை. தொழுதுவிட்டு உள் அறையில் பாயில் படுத்துக்கொண்டேன். கதவு சாத்தியிருக்கவில்லை. அதனால் பேச்சு காதில் விழுந்தது. அவர்கள் இன்னும் அப்படியே காத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

"ஒளு எடுக்கப் போயிருக்காங்களா?" என்று அந்த ஆள் கேட்டார்.

"இல்ல சார். தொழுதுட்டுப் படுத்துட்டாங்க."

"திரும்பி வருவாங்கல்ல?"

"வரமாட்டாங்க சார். இதே ஆஸ்பத்திரியா இருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பாங்க. எங்க மாமி அப்படி ஏறி வந்திருக்காங்க."

அவள் குரல் நடுங்கினது எனக்குக் கேட்டது. அழுகையா கோபமா என்று தெரியவில்லை. வெளியே மிஷின் நின்று, வைக்கோல் ஏற்றுகிற ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வீடியோவை எனக்கு அனுப்புங்க" என்றார் அவர். "நான் மேல காட்டுறேன்."

அதற்கப்புறம் சில நாள் ஒரு தகவலும் இல்லை. மாதக் கடைசியும் வந்துவிட்டது. அவள் லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். சாம்பாரில் உப்புப் போட மறந்தாள். நான் சொல்லவில்லை, சேர்த்துக்கொண்டு சாப்பிட்டேன். நான் எழுந்து போனதால் காரியம் கெட்டதா, கூடிவந்ததா என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் காலையில் டேப்பைத் தூக்கிக்கொண்டு என் பாய்க்கே வந்துவிட்டாள். "மாமி, எழுந்திருக்க வேணாம். படுத்துக்கிட்டே பாருங்க." அதே கொரியா எழுத்து. பட்டியலைத் திறந்தாள். இப்போது ஒவ்வொரு மொழியும் தன் தன் எழுத்தில் இருந்தது. அத்தனை வட்டத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் 'தமிழ்' என்று தமிழில். விரலை வைத்தேன், வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உன்னை எடுத்துட்டாங்களா?"

"இன்னும் ஒரு வருஷத்துக்கு மாமி."

அதைச் சொல்லும்போது துள்ளவெல்லாம் இல்லை. அவளும் களைத்துப்போயிருந்தாள். பாயில் என் கால்மாட்டில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

மகன் மத்தியானம் போன் பண்ணினான். அவள் சொன்னாள். கேட்டுக்கொண்டான். பிறகு, "அம்மாகிட்ட குடு" என்றான்.

"என்னம்மா, உங்களையும் வேலைக்கு எடுத்துக்கிட்டாங்களாமே. ஆபீஸ் போறீங்களா?"

"ஆமா. கார் அனுப்புறாங்க."

சிரித்தான். பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னான். "உங்களுக்கு உடம்பு முடியலேன்னு சொல்றா. இதெல்லாம் எதுக்கும்மா? அவ இங்க வந்துட்டா நீங்க அக்கா வீட்ல நிம்மதியா இருக்கலாம். நான் பேசட்டுமா?"

மருமகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"உடம்பு முடியலதான்" என்றேன். "நீ என்ன சொன்னே? எடுக்கலேன்னா விட்டுடணும்னே. எடுத்துட்டாங்கல்ல. உன் பேச்சுப்படிதானே நடந்திருக்கு. அப்புறம் என்ன பேசப்போறே?"

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"சாப்பிட்டியா? சாப்பிட்டுப் படு. எனக்கு மூச்சு வாங்குது."

போனை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி கட் பண்ணினாள். எழுந்து போய் வெந்நீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். குடித்துவிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்திலிருந்து கேட்டாள்.

"மாமி, புதுசா ஒண்ணு அனுப்பியிருக்காங்க. பஸ் டிக்கெட் எடுக்கிறது. ஒரு நிமிஷம் பார்க்கிறீங்களா?"

"நாளைக்குப் பார்க்கலாம் புள்ள. இன்னைக்கு என்னை விடு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் ஏதோ சொல்லி லேப்டாப்பைத் திட்ட ஆரம்பித்திருந்தாள்.